கிடங்குச் சாவியும் நாற்பத்தொரு பொட்டலங்களும்

தலைமைப் பொறுப்பையும், என் பேச்சை எந்த நிமிடத்தில் நிறுத்தலாம் என்று பார்க்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் போன அறிஞர் பெருமக்களே. விரல்நுனியில் உலகத்தை வைத்துக்கொண்டு, விரல்நுனி வலிக்கிறது என்று வீட்டில் புலம்பும் நிரலாளச் செல்வங்களே. அந்தப் புலம்பலைப் பொறுமையோடு கேட்டு, ஆறிப்போன சாப்பாட்டை மறுபடி சூடாக்கித் தரும் அன்னையரே. என் வயதை ஒத்த பெரியவர்களே. வாசற்படியில் நிற்பதா போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது. உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

என்னை யார் என்று கேட்பீர்கள். ஒரு பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றவன். பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கும்போது பார்த்ததோடு சரி. எழுத்து எனக்குத் தெரியாது. மேடைத்தமிழ் மட்டும் தெரியும். பணிமனை வாசலில் சங்கத் தலைவர்கள் பேசியதை முப்பத்தெட்டு ஆண்டுகள் காதால் குடித்திருக்கிறேன். கிடங்கில் ஆறாயிரத்துச் சொச்சம் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அத்தனை எண்ணையும் காதால் வாங்கி மனதால் அடுக்கினேன். பின்பக்கப் பிரேக் லைனிங் எது, கதவின் கீல் எது, மணியின் கம்பி எது என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரி தட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு என்ன? நிரலாளனுக்குத் துணை எது, நிரல்மொழி தானே நடத்தும் பொட்டலக்கடையா, இயந்திரத்தின் சொந்தக் கிடங்கா? நீங்கள் பேக்கேஜ் என்கிறீர்கள். நான் பொட்டலம் என்கிறேன். இரண்டும் கட்டிக் கொடுப்பதுதானே.

அம்மாமார்களுக்காக ஒரு வார்த்தை. கணினியில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் நிரல் வேண்டும், அதாவது அதற்கான கட்டளை வரிசை; முழுவதையும் ஒருவர் எழுதுவதில்லை. எவரெவரோ எழுதி வைத்ததைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சேர்க்கிறார்கள். வாங்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, இயந்திரத்தைக் கட்டியவர்கள் நடத்தும் கிடங்கு. அங்கே எல்லாப் பொட்டலமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தட்டில் ஏற்றுவார்கள். பத்திரம் உண்டு, ஆனால் சரக்கு கொஞ்சம் பழசு. இன்னொன்று, ஒவ்வொரு நிரல்மொழியும் தனக்கென்று நடத்தும் கடை. எழுதியவர் கையிலிருந்து நேரே வரும். காலையில் எழுதியது மதியம் கிடைக்கும். சரக்கு புதுசு, ஆனால் பக்கத்துச் சரக்கோடு பொருந்துமா என்று பார்ப்பது உங்கள் தலைவலி.

எது உயர்ந்தது? இந்தக் கேள்வி உங்களுக்கு மன்றத்துக் கேள்வி. எனக்கு அது வீட்டுக் கேள்வி. ஏனென்றால் இரண்டு கட்சியும் என் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன.

என் மகள் எங்கள் பணிமனையின் கணினிகளைக் காப்பவள். கிடங்கில் இல்லாத ஒரு பொட்டலத்தை இயந்திரத்துக்குள் விடமாட்டாள். அவளுக்கு வீட்டில் பூட்டு என்று பெயர். என் மருமகன் அதே பணிமனைக்கு நிரல் எழுதுகிறவர். இன்று வந்தது இன்றே வேண்டும் அவருக்கு. அவர் பெயர் புதுசு. பூட்டுக்கும் புதுசுக்கும் கல்யாணம் செய்து வைத்தவன் நான். என் தைரியத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தொடங்கிவிடும்.

"மூணு வருஷத்துப் பழைய சரக்கை வச்சுக்கிட்டு நான் எப்படி எழுதுறது?"

"மூணு வருஷமா ஒரு நாள் கூட நிக்கலையே, அது பழசா?"

"ஓடுதுன்னா சரியா ஓடுதுன்னு அர்த்தமா?"

"நீங்க கொண்டு வர்றது ஓடவே மாட்டேங்குதே."

என் வீட்டுக்காரி கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொல்வாள்: "ரெண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய மூடுங்க. மூடலைன்னா நான் புதுசா ஒரு பூட்டு வாங்கிச் சமையக்கட்டுக்குப் போட்டுருவேன்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளுக்குப் போகுமுன் என் கிடங்கிலிருந்து இரண்டு சாட்சிகளை அழைக்கிறேன். முதல் சாட்சி ஒரு போல்ட். எங்கள் பட்டறையில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவசரக்காரர். கிடங்கில் வரிசையில் நிற்கப் பிடிக்காமல், தயாரிப்பாளரிடமே நேரே போய்ச் சக்கரத்துக்குப் புது போல்ட் வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. மரை மட்டும் ஒரு மயிரிழை நெருக்கம். அடித்து முறுக்கி ஏற்றிவிட்டார். அவர் வண்டி ஓடியது. மறுவாரம் மிச்சமிருந்த ஒரு டஜன் போல்ட்டைப் பொதுப்பெட்டியில் போட்டார். ஆளாளுக்கு வேறு வேறு வண்டிக்கு எடுத்தார்கள். ஒன்பது சக்கரங்களின் மரை தேய்ந்து, ஒரு வாரம் முழுக்கப் பட்டறையே முழங்காலில் நின்றது. அவர் செய்த பிழை என்ன? புதுசு வாங்கியதா? அவர் வண்டிக்கென்று வாங்கியதைப் பொதுப்பெட்டியில் போட்டதே பிழை.

இரண்டாவது சாட்சி ஒரு வைப்பர் மோட்டார். இது எனக்கு எதிரான சாட்சி. மேடையேறிவிட்டேன், மறைக்க மாட்டேன். புது ரகப் பேருந்துகள் வந்த ஆண்டு அது. என் கிடங்கில் பழைய மோட்டார். ஓட்டுநர்கள் புது மோட்டார் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிடங்குல என்ன இருக்கோ அதை வச்சு ஓட்டு." அந்த ஆண்டின் முதல் பெருமழையில், எழுபது பேர் உட்கார்ந்திருந்த ஒரு வண்டி, கண்ணாடி மறைந்து, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி நீட்டி வந்து சேர்ந்தது. அந்த ஓட்டுநர் என் கூடப் பிறந்த கடைசித் தம்பி, என்னை விடப் பதினாறு வயது இளையவன். நனைந்த கோழிபோல் என் ஜன்னல் முன்னால் வந்து நின்று, "அண்ணே, உன் கிடங்கு பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஈரமாக இருக்கிறது.

இனி அந்த நாள்.

எங்கள் பணிமனையில் மாலை நாலு மணிக்கு ஓட்டுநர் பணிப்பட்டியல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். யார், எந்த வண்டி, எந்த வழி. அதைக் கணக்கிட்டுத் தருவது என் மருமகன் எழுதிய நிரல். பணி முடிந்து பத்து மணி நேரம் ஓய்வெடுக்காத ஓட்டுநரை அது பட்டியலில் ஏற்றாது. விதி அப்படி. மேலாளருக்கோ நாலு மணிதான் விதி. அதனாலேயே அவரை எல்லோரும் நாலு மணி சார் என்போம்.

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் பணிமனைக்கு இரவுப் பேருந்து வந்தது. மாலை நாலு நாற்பதுக்குப் புறப்பட்டு, போய்த் திரும்பி, விடியலில் வரும். அந்த வண்டியில் என் தம்பி. அன்று வழியில் பழுதாகி நின்று, காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். மதியச் சாப்பாட்டோடு போன நான் அவனைப் பார்த்து, வீட்டுக்குப் போடா என்றேன்.

"லிஸ்ட் பாத்துட்டுப் போறேன் அண்ணே. பேரு இருந்துச்சுன்னா மறுபடி வரணும்ல."

"பத்து மணி நேரம் ஆகாம எப்படிடா பேரு இருக்கும்?"

"இருந்தா ஓட்டிருவேன்."

இதுதான் என் தம்பி. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். ஓட்டுநர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்தான். படுக்கவில்லை, படுத்தால் தூங்கிவிடுவானாம்.

மதியம் ஒன்றேகாலுக்கு நான் சாப்பாட்டுத் தூக்கோடு மகளின் அறைக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அந்த ஒரு பதவிதான். அவள் இல்லை, பயணச்சீட்டு இயந்திரம் ஏதோ மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மருமகன் அவள் நாற்காலியில் இருந்தார்.

"வாங்க மாமா. உக்காருங்க. ஒரே ஒரு பொட்டலம் போட்டுட்டு வந்துடுறேன்."

"அவ இல்லாதப்பவா மாப்பிள்ளை?"

"அவ இருந்தா போட விடுவாளா?"

தட்டினார். இயந்திரம் அனுமதி இல்லை என்றதாம். அறிவுள்ள இயந்திரம். அன்று காலையில்தான் என் மகள், பிரிண்டர் நின்றால் மறுபடி இயக்குவதற்காக, இயந்திரத்தின் தலைமைக் கடவுச்சொல்லை அவரிடம் சொல்லியிருந்தாள். வேறு எதையும் தொடாதீங்க என்றும் சொல்லியிருந்தாள். கடவுச்சொல் அவருக்கு நினைவிருந்தது. மற்றது மறந்துவிட்டது. நிரலாளச் செல்வங்களே, உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். தலை குனிந்தவர்களை எண்ணிவிட்டேன்.

திரையில் வரிகள் ஓடின. அவர் எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தார். "ஒண்ணு கேட்டேன் மாமா, பாருங்க, கூடவே சொந்தக்காரங்க நாப்பது பேரு வர்றாங்க." நாற்பத்தொரு பொட்டலங்கள். அவருக்கென்று தனி அறையில் இறங்க வேண்டியவை, பணிமனை இயந்திரத்தின் நடுக்கூடத்தில், இயந்திரம் தனக்கென்று வைத்திருந்த பழைய பொட்டலங்களின் தலைமேல் இறங்கின.

என் மகள் வந்தாள். எதையோ தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுதான் போட்டேன்."

"எங்க போட்டீங்க?"

அவர் திரையைக் காட்டினார். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்ன நடந்தது? கிடங்கிலிருந்து பொட்டலம் எடுத்துத் தரும் கருவியே அந்த நிரல்மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது. அது சாய்ந்திருந்த பழைய பொட்டலம் போய்விட்டது, கருவி விழுந்துவிட்டது. பழுது பார்க்க எந்தக் கருவி வேண்டுமோ அந்தக் கருவிதான் பழுது. பட்டியல் நிரலும் அதோடு விழுந்தது.

இது என்ன பிழை என்று எனக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் நான் செய்திருக்கிறேன். ஒரு முறை கிடங்குச் சாவியையும் மாற்றுச் சாவியையும் உள்ளே ஒரே ஆணியில் மாட்டிவிட்டு, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்தினேன். பணிமனையே என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. உள்ளே ஆயிரம் ஸ்பேனர். வெளியே நான். கடைசியில், பொருள் கொடுக்கும் ஜன்னலின் கீல் போல்ட்டுகள் வெளிப்பக்கம் இருப்பது நினைவுக்கு வந்தது. என் சட்டைப்பையில் ஒரு பழைய பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது.

"உன் சட்டைப்பையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அப்பா, சும்மா இருங்க." பிறகு நிமிர்ந்தாள். "இருக்கு. சின்னது ஒண்ணு இருக்கு."

பெரிய கருவிக்கு அடியில் சின்னக் கருவி ஒன்று உண்டாம். யாரையும் சார்ந்து நிற்காதது. கையில் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்து வைக்க மட்டும் தெரிந்தது. அது உயிரோடு இருந்தது.

அப்போது நாலு மணி சார் உள்ளே வந்தார். "பட்டியல் எங்க?"

"மெஷின் நின்னுடுச்சு சார்."

"யாரு நிறுத்தினது? பாஸ்வேர்ட் உங்ககிட்டதானே மேடம் இருக்கு?"

பூட்டு வாயைத் திறக்கவில்லை. மருமகன் எழுந்து நின்றார். "நான்தான் சார். அவங்க சொன்னதை மீறிப் பண்ணினேன்."

"நீயோ அவங்களோ, எனக்கு நாலு மணி. அதுக்குள்ள வரலைன்னா நேத்துப் பட்டியலையே ஒட்டிடுவேன். வண்டி நிக்கக் கூடாது."

நேற்றைய பட்டியலில் நாலு நாற்பது வண்டிக்கு யார்? என் தம்பி. இருந்தா ஓட்டிருவேன் என்று சொன்னவன். கூட எழுபது பயணிகள், முழு இரவு. இப்போது சொல்லுங்கள், பொட்டலம் என்பது கணினிச் சமாச்சாரம் மட்டும்தானா?

என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னக் கருவியிடம் ஒரு கேள்வி கேட்டாள்: உன் கிடங்கு வைத்த கோப்புகளில் எவை எவை மாறியிருக்கின்றன? அது வரிசையாகச் சொன்னது. நான் வியந்து போனேன். எப்போது வைத்தது, எங்கே வைத்தது, வைத்தபோது எப்படி இருந்தது, எல்லாம் அதற்கு நினைவிருக்கிறது. அம்மாடி, எனக்குத் தெரியாமல் எனக்கொரு பங்காளி. டயர் பிரிவில் அதே ரகத்தில் இன்னொரு இயந்திரம் உண்டு. அதிலிருந்து பிரிக்காத பொட்டலங்களைக் கொண்டு வந்து ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டு ஐம்பதுக்கு இயந்திரம் எழுந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் கிடங்குக் கட்சிக்காரர்கள் கை தட்டலாம். தட்டுங்கள். தட்டிவிட்டு அடுத்ததையும் கேளுங்கள்.

அவள் பழைய பொட்டலத்தோடு பட்டியலை ஓட்டினாள். பட்டியல் வந்தது. வந்த பட்டியலைப் பார்த்தவள், பார்த்தபடியே இருந்தாள்.

"அப்பா, சித்தப்பா காலைல எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஒம்பதுக்கு."

"நாலு நாப்பது வண்டிக்கு அவர் பேரே வந்திருக்கு. கையால மாத்தினா சார் ஒட்ட மாட்டார், மெஷின் தர்றதுதான் அவருக்குப் பட்டியல்."

மருமகன் மெல்லச் சொன்னார். "மூணு நாளா நான் கத்தினது அதுதான். பழைய பொட்டலத்துல நேரம் கணக்குப் போடுறதுல ஒரு பிழை இருக்கு. நள்ளிரவைத் தாண்டின வேலையை நள்ளிரவோட முடிஞ்சதா எடுத்துக்கும். சித்தப்பா பன்னெண்டு மணிக்கே தூங்கப் போய்ட்டார்னு அது நினைக்குது. புதுசுல சரி பண்ணிட்டாங்க."

"இதை ஏன் என்கிட்ட இப்படிச் சொல்லல?"

"சாப்பாட்டுல சொன்னேன். பழைய சரக்கு ஓடுதுல்லன்னு சொன்ன."

அவையோரே, அந்த அறையில் நான் கண்டதை நீங்களும் காண வேண்டும். மூன்று ஆண்டுகள் நிற்காமல் ஓடிய பத்திரமான கிடங்கு, பத்திரமாகவே என் தம்பியைப் படுகுழிக்கு அனுப்பப் பார்த்தது. காலத்தோடு ஓடிய புதுக்கடை, ஓடிய வேகத்தில் இயந்திரத்தையே தள்ளிவிட்டது. அவள் செய்ததும் சரி. அவர் கேட்டதும் சரி. சரியும் சரியும் மோதினால் எங்கே அடிபடும்? பெஞ்சில் உட்கார்ந்து தூங்காமல் காத்திருக்கிறானே, அவன் மேல் அடிபடும்.

என் மகள் எழுந்து, தன் நாற்காலியை அவரிடம் தள்ளினாள். "வாங்க. தனி அறை ஒண்ணு போட்டுத் தர்றேன். உங்க பொட்டலம் எல்லாம் அதுக்குள்ள. நடுக்கூடத்துல ஒரு தூசி விழக் கூடாது."

"விழாது."

தனி அறை என்றால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது இல்லை. அந்த ஒரு நிரலுக்கு மட்டுமான அடைப்பு. உள்ளே அது எதை வேண்டுமானாலும் புதுசாக வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் சாமான் மேல் கை படாது.

பின்வரிசையில் ஒரு தம்பி கண்டெய்னர், கண்டெய்னர் என்கிறார். கேட்கிறது தம்பி. அது சாமானோடு வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற வித்தை. நல்ல வித்தை. ஆனால் அந்த வீட்டுக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது என்று யார் எழுதி வைத்தார்? அங்கேதான் வருகிறேன். உட்காருங்கள்.

மருமகன் தனி அறைக்குள் பொட்டலத்தை இறக்கினார். பட்டியலை ஓட்டினார். விழுந்தது. அன்று காலையில்தான் அந்தப் பொட்டலத்தின் இன்னொரு புதுசு வெளிவந்திருந்தது. கடை அதைக் கொடுத்துவிட்டது. அதில் பாதி மாறியிருந்தது.

"வேலை செஞ்சது எந்த நம்பர்?" மகள் கேட்டாள்.

"வீட்டு லேப்டாப்ல ஓடுச்சு."

"அம்மாவுக்குப் போன் போட்டு, லேப்டாப்ல பாத்து நம்பரைச் சொல்லச் சொல்லலாமே."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "காலைல கிளம்பும்போது எல்லாத்தையும் புதுசாக்கிட்டேன்."

புதுசு என்று பெயர் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பொருத்தம் பார்த்துத்தான் வைத்தாள் என் வீட்டுக்காரி.

கடிகாரம் மூன்று இருபத்தைந்து. நடுவில் பதினெட்டுப் பதிப்புகள். ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரர்களோடு வரும். ஒன்றைப் போட்டுப் பார்க்கவே ஐந்து நிமிடம். கணக்குப் போட எனக்கு எழுத்து வேண்டாம்.

நான் தொண்டையைச் செருமினேன். "ரெண்டு, ஏழு, நாலு."

இருவரும் திரும்பினார்கள்.

"மூணு நாளைக்கு முன்னாடி நீங்க சோத்துல கை வச்சுக்கிட்டே சொன்னீங்க மாப்பிள்ளை. ரெண்டு புள்ளி ஏழு புள்ளி நாலுல நள்ளிரவு சரியாயிடுச்சுன்னு. கூட வர்ற ஒண்ணு மட்டும் பழசுதான் வேணும்னு அடம் பிடிக்குதுன்னு வேற சொன்னீங்க. அது ஒண்ணு புள்ளி பத்தொம்போது."

"மாமா, இது எப்படி..."

"எண்ணுதானே. பின்பக்கப் பிரேக் லைனிங் இதை விடப் பெருசு. தட்டுங்க."

தட்டினார். தனி அறைக்குள் பொட்டலங்கள் இறங்கின. பட்டியல் ஓடியது. மூன்று ஐம்பத்திரண்டு. நாலு நாற்பது வண்டிக்கு வேறொரு பெயர். முந்தின இரவு முழுக்கத் தூங்கி எழுந்த ஓர் ஓட்டுநர் அம்மா. நாலு மணி சார் பலகையில் ஒட்டினார். நன்றி சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அகராதியில் அது மாலை மரியாதை.

நான் ஓட்டுநர் அறைக்குப் போனேன்.

"என் பேரு இல்லையா அண்ணே? ஏன்? நான் ஓட்டிருவேனே."

"மெஷின் சொல்லுதுடா, நீ தூங்கணும்னு."

"அதுக்கு என்ன தெரியும்?"

"இன்னைக்கு மூணு ஐம்பத்திரண்டுல இருந்து தெரியும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லி முடிக்குமுன் தூங்கிவிட்டான்.

அன்பர்களே, கதை முடிந்துவிட்டது என்று நாற்காலியை நகர்த்தாதீர்கள். நான் சொல்ல வந்ததை இனித்தான் சொல்லப் போகிறேன்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கிழவனின் நினைவாற்றல் காப்பாற்றியது என்றார்கள். எனக்குப் பாராட்டு இனித்ததா? அன்று மாலை முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபது பேரின் உயிர், ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன எண்ணிலா தொங்க வேண்டும்? மூன்று நாளைக்கு முன்னால் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நான் சளிப்பிடித்துச் சீக்கிரம் படுத்திருந்தால்? என் வீட்டுக்காரி கரண்டியை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தட்டியிருந்தால்? எனக்கும் வயது எழுபத்துமூன்று. என்னை எத்தனை நாள் உங்கள் இயந்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள முடியும்?

எழுத்தே தெரியாத ஒருவன் எழுத்தாலேயே வாழும் உங்களிடம் இரண்டு கையையும் கூப்பிக் கேட்கிறேன். எழுதி வையுங்கள். எந்தப் பொட்டலம், எந்தப் பதிப்பு, கூட வந்த நாற்பது சொந்தக்காரர்களும் யார் யார், அத்தனையையும் எழுதி வையுங்கள். உங்கள் கடைகளே அதற்குப் பட்டியல் போட்டுத் தருகின்றன என்று என் மகள் சொல்கிறாள். ஒரு கட்டளைதானாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் மனதில் சுமந்தது எனக்கு வேறு வழி இல்லாததால். உங்களுக்கு வழி இருக்கிறது. வழி இருந்தும் நினைவை நம்புகிறீர்கள் என்றால், படித்தவர் நீங்களா நானா?

கிடங்கா, கடையா என்று கேட்டீர்கள். தலைவர் அவர்கள் மணியை எடுக்குமுன் என் தீர்ப்பைச் சொல்கிறேன். இயந்திரம் எதன்மேல் நிற்கிறதோ, அது கிடங்கிலிருந்து வரட்டும். அதை உங்கள் அவசரத்துக்காகத் தொடாதீர்கள். தொட முடிந்தாலும் தொடாதீர்கள். கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் தொடாதீர்கள். உங்கள் நிரல் எதன்மேல் நிற்கிறதோ, அது எழுதியவர் கையிலிருந்து புதுசாக வரட்டும். அதற்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு, கதவில் ஒரு பட்டியல். கிடங்குக்காரர்களே, அந்த அறையைத் தர மறுக்காதீர்கள். நான் வைப்பர் மோட்டாரை மறுத்தவன், அந்த மறுப்பின் ஈரம் இன்னும் காயவில்லை. புதுசுக்காரர்களே, அறையைத் தாண்டி வராதீர்கள். வந்தால் விழுவது நீங்கள் மட்டும் இல்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் சண்டையாகப் பேசாமல், வேலை நேரத்தில் காரணத்தோடு பேசிக்கொள்ளுங்கள். பழசு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதுசு ஏன் வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த இரண்டு காரணத்துக்கும் கீழே, எங்கேயோ ஒரு பெஞ்சில், உங்கள் முகம் தெரியாத ஒருவன் கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு உங்கள் கட்சி எதுவும் தெரியாது. பலகையில் ஒட்டுவதை அவன் நம்புவான். ஒட்டியபடி ஓட்டுவான்.

இப்போது எங்கள் பணிமனையில் ஒவ்வொரு நிரலின் அறைக்கதவிலும் பட்டியல் தொங்குகிறது. மருமகன் எழுதுகிறார், மகள் சரிபார்க்கிறாள், மாற்றம் என்றால் இருவரும் சேர்ந்தே மாற்றுகிறார்கள். வீட்டில் சண்டை நின்றுவிட்டதா என்று ஓர் அம்மா சைகையில் கேட்கிறார். இல்லை தாயே. இப்போது எழுதி வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இந்த எளியவனை மேடையேற்றிய தலைவருக்கும், ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்தவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கூட்டம் முடியும் வரை வெளியில் பேருந்தை நிறுத்தி வைத்திருக்கும் தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் மீண்டும் வணக்கம்.

கை தட்டுமுன் ஒரே ஒரு விண்ணப்பம். முன்வரிசையில், இடப்பக்கக் கடைசி நாற்காலியில் பாருங்கள். என் தம்பி. நேற்று இரவு வண்டியில் போய் இன்று காலையில்தான் வந்தான். அண்ணன் பேசுகிறான் என்று வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டான். நான் முதல் வணக்கம் சொல்லி முடிக்குமுன் தூங்கியவன், இன்னும் எழவில்லை. அடுத்த பணிக்கு அவனுக்கு நாலு மணி நேர ஓய்வு பாக்கி இருக்கிறது.

மெதுவாகத் தட்டுங்கள்.